நாடித்துடிப்பை நாமே எண்ணுவோம்

உடற்கல்விப் பாடம் முடிந்து மாணவர்கள் திடலிலிருந்து திரும்புகிறார்கள். முகமெல்லாம் வியர்வை. தண்ணீர்ப் புட்டியைத் திறக்கும் முன்பே பலர் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். "எனக்கு 158!" என்கிறான் ஒருவன். "எனக்கு 171!" என்கிறாள் இன்னொருத்தி. "எண் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?" என்று மூன்றாமவன் கேட்கிறான். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கடிகாரத்தின் திரை அணைகிறது. பேச்சும் வேறு பக்கம் திரும்புகிறது.

இக்காலத்தில் உடலைப் பற்றிய எண்களுக்குப் பஞ்சமில்லை. நடந்த அடிகள், உறங்கிய மணிநேரம், இதயத் துடிப்பு ஆகியவற்றைக் கையில் கட்டிய திறன்கடிகாரமே சொல்லிவிடுகிறது. சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ஆம் ஆண்டில் நாடளாவிய நடைச் சவாலைத் தொடங்கியது. அதன் பிறகு, அடிகளை எண்ணும் கருவியை மணிக்கட்டில் அணிவது பல குடும்பங்களில் இயல்பான பழக்கமாகிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து நடக்கத் தூண்டும் எதுவும் வரவேற்கத்தக்கதே. எனினும், எண்ணைப் பார்ப்பது வேறு. அந்த எண் எப்படி வந்தது என்று அறிவது வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப, வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவரும் தம் நாடித்துடிப்பைத் தம் விரல்களாலேயே எண்ணி, உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் அது எப்படி மாறுகிறது என்று பதிந்து பார்க்க வேண்டும். கடிகாரம் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்தச் சோதனைக்கு வேண்டியவை, விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம், ஒரு தாள், ஒரு பென்சில் ஆகியவை மட்டுமே. முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். ஒரு கையின் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மறுகையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர்கீழே, மெல்ல வைக்க வேண்டும். பலமாக அழுத்தினால் துடிப்பு தெரியாமல் போய்விடும். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது; அதற்கே தெளிவான துடிப்பு உண்டு என்பதால் கணக்குக் குழம்பிவிடும். 30 விநாடிகளில் எத்தனை துடிப்பு என்று எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். அதுவே ஓய்வுநிலைத் துடிப்பு. பிறகு மூன்று நிமிடம், நின்ற இடத்திலேயே, ஒரே சீரான வேகத்தில் முழங்காலை உயர்த்தி நடைபோட வேண்டும். நிறுத்திய உடனே 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்க வேண்டும். பின்னர் அமர்ந்து, ஐந்து நிமிடம் வரை ஒவ்வொரு நிமிடமும் அதேபோல் எண்ணிப் பதிய வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்றவை உள்ளவர்கள் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்ட பிறகே பயிற்சிப் பகுதியைச் செய்ய வேண்டும். யாருக்காவது தலைசுற்றலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

சோதனை அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகாது. ஆயினும், இதற்குள் சிந்திக்க வேண்டியவை பல இருக்கின்றன.

ஓய்வில் எண்ணுவது 30 விநாடி. பயிற்சிக்குப் பின் எண்ணுவது 15 விநாடி. ஏன் இந்த வேறுபாடு? 15 விநாடி எண்ணும்போது ஒரு துடிப்பைத் தவறவிட்டால், நான்கால் பெருக்கும்போது அந்தப் பிழை நான்காகிறது. 10 விநாடி மட்டும் எண்ணினால் ஒரு துடிப்பின் பிழை ஆறாகிறது. அப்படியானால் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவதே சிறந்தது என்று தோன்றும். ஓய்வில் அது சரிதான். பயிற்சிக்குப் பிறகோ நிலைமை வேறு. கால்கள் நின்ற கணத்திலிருந்தே இதயம் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினால், தொடக்கத்தில் இருந்த வேகமும் முடிவில் இருந்த நிதானமும் ஒன்றாகக் கலந்துவிடும். எந்தக் கணத்தை அளக்க விரும்பினோமோ அது கைநழுவிப் போகும். குறைந்த நேரம் எண்ணினால் பிழை பெருகுகிறது. அதிக நேரம் எண்ணினால் அளக்க வேண்டியதே மாறிவிடுகிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் 15 விநாடி என்று முடிவு செய்கிறோம். அளவிடுதல் என்பது இப்படிப்பட்ட ஒரு முடிவு என்பதைக் கையால் எண்ணிப் பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

திறன்கடிகாரத்துக்குள்ளும் இத்தகைய முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. அதன் அடிப்பகுதியில் மினுக்கும் பச்சை ஒளியைப் பலர் பார்த்திருப்பார்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையுடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் இரத்தத்தின் அளவு சற்றுக் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே கடிகாரம் துடிப்பைக் கணிக்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலோ கை வேகமாக அசைந்தாலோ கணிப்புத் தவறக்கூடும். ஆகவே, திரையில் தோன்றும் எண்ணும் ஓர் அளவீடுதான். அதற்கும் முறை உண்டு, பிழையும் உண்டு. தன் விரல்களால் ஒருமுறை எண்ணிப் பார்த்த மாணவர், கடிகாரத்தின் எண்ணை அச்சமின்றிக் கேள்வி கேட்பார். எண்ணிப் பார்க்காதவர் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

"நல்ல கருவி இருக்கும்போது பழைய முறை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். கருவிகள் வந்த வரலாற்றிலேயே அதற்கான பதில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, நூலில் கட்டித் தொங்கவிட்ட எடையை ஆடவிட்டு நாடியை அளந்தார். எடையின் ஆட்டமும் நாடியின் துடிப்பும் ஒன்றாகச் சேரும்வரை நூலின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பார். அந்த நீளமே நாடியின் அளவு. பின்னர், 1707ஆம் ஆண்டில், ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில மருத்துவர், ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை நூலாக வெளியிட்டார். இவர்கள் கருவியைச் செய்ததற்குக் காரணம், அதற்கு முன்பே விரலால் நாடியைத் தொட்டு, அதில் அறிய வேண்டியது ஏதோ இருக்கிறது என்று உணர்ந்திருந்தார்கள். கேள்வி முதலில் பிறந்தது. கருவி பிறகு வந்தது. இன்றைய மாணவர்களுக்குக் கருவி முதலிலேயே கிடைத்துவிடுகிறது. கேள்வியை அவர்கள் தாமாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

எண்ணுவதும் பெருக்குவதும் சிறுபிள்ளைக் கணக்கு என்று நினைப்பதற்கில்லை. பெரியவர் ஒருவரின் இதயம் ஓய்வில் இருக்கும்போது ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், 4,900 மில்லிலிட்டர்; அதாவது கிட்டத்தட்ட 5 லிட்டர். பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அப்படியென்றால், அடுத்த நிமிடத்துக்கான இரத்தம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியைத்தான் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி கேட்டார். அக்காலத்தில், உணவிலிருந்து கல்லீரல் இடைவிடாமல் புதிய இரத்தத்தை உண்டாக்குகிறது என்றும், உடல் அதைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறது என்றும் நம்பினார்கள். கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் நிலைத்திருந்த நம்பிக்கை அது. ஹார்வி, ஒரு துடிப்புக்கு மிகக் குறைந்த அளவு இரத்தமே வெளியேறுவதாக வைத்துக்கொண்டு பெருக்கினார். அப்போதும், அரைமணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம் உடலில் இருக்கும் மொத்த இரத்தத்தைவிட அதிகமாக வந்தது. ஒரே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்ற முடிவை அவர் 1628இல் நூலாக வெளியிட்டார். துடிப்பை எண்ணிப் பெருக்கிய ஒரு கணக்கு, பல நூற்றாண்டுகளின் நம்பிக்கையை அசைத்துவிட்டது.

ஆனால், கணக்கு எவ்வளவு எளிதாக இருந்தாலும் எழுதிவைக்கும் எண் உண்மையாக இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. இந்தச் சோதனை மாணவர்களுக்குக் கற்பிக்கக்கூடிய மிக முக்கியமான பாடம் அதுவே.

ஒரு மாணவி இச்சோதனையை மூன்று நாள் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அவளது ஓய்வுநிலைத் துடிப்பு 76. பயிற்சி முடிந்ததும் 128. பிறகு ஒவ்வொரு நிமிடமும் 104, 92, 84, 80, 76 என்று இறங்குகிறது. முதல் நிமிடத்தில் சட்டென்று இறங்கிப் பிறகு மெதுவாகக் குறைவதை அவள் கவனிக்கிறாள். இரண்டாம் நாள் ஓய்வுநிலைத் துடிப்பு 74. மூன்றாம் நாளோ 92! தாளைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு சபலம். அழித்துவிட்டு 75 என்று எழுதிவிட்டால் அட்டவணை அழகாக இருக்கும். ஆசிரியரும் கேள்வி கேட்கமாட்டார். வகுப்பில் மற்றவர்களின் எண்களோடும் ஒத்துப்போகும்.

அவள் அழிக்கக் கூடாது. அந்த 92 தவறான எண் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அன்று மின்தூக்கி பழுதுபார்ப்பில் இருந்ததால் அவள் பத்து மாடி ஏறி வந்திருக்கலாம். ஐந்து நிமிடம் உட்காராமல் உடனே எண்ணத் தொடங்கியிருக்கலாம். மறுநாள் தேர்வு இருப்பதால் மனம் பதறியிருக்கலாம். அன்று பிற்பகல் வெயிலில் புளோக்கின் கீழ்த்தளத்தில் அமர்ந்து எண்ணியிருக்கலாம். வெப்பத்தைத் தணிக்க உடல் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பும்போதும் இதயம் விரைவாகத் துடிக்கும். 92 என்று அப்படியே எழுதி, பக்கத்தில் "மாடி ஏறி வந்தேன்" என்று ஒரு குறிப்பும் எழுதினால், அவள் புதிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். இதயத்துடிப்பைப் பயிற்சி மட்டும் மாற்றுவதில்லை என்பதும், சோதனைக்கு முன் எவற்றை ஒரேமாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவளுக்குப் புரிந்துவிடும். 75 என்று மாற்றி எழுதியிருந்தால், இவை அனைத்தையும் அழிப்பானே துடைத்திருக்கும்.

சரியான விடையை எழுதினால் மதிப்பெண் என்ற பழக்கம் மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விடை முன்பே தெரிந்திருக்கும் சோதனையில், எண்களை விடைக்கு ஏற்ப வளைக்கத் தோன்றுவது இயல்பு. பழியை மாணவர்மீது மட்டும் போட முடியாது; ஒழுங்கான அட்டவணைக்கு மட்டுமே பாராட்டு கிடைத்தால், ஒழுங்கான அட்டவணைகளே வந்து சேரும். ஆகவே, ஆசிரியர்களும் பெற்றோரும் "உன் எண் என்ன?" என்று கேட்பதோடு, "அந்த எண் ஏன் அப்படி வந்தது?" என்றும் கேட்க வேண்டும். நாளை மருந்தின் அளவைக் குறித்துவைக்கும் தாதியாகவோ, பாலத்தின் வலிமையைச் சோதிக்கும் பொறியாளராகவோ ஆகப்போகிறவர் இன்றைய மாணவரே. கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கத்தை அப்போது புதிதாகக் கற்க நேரம் இருக்காது.

இச்சோதனையை வீட்டில் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. உடற்பயிற்சி என்றாலே சில மாணவர்களுக்குக் கூச்சம். உடலுறுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வருபவரை எல்லாரும் பார்க்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. அங்கே போட்டியும் இல்லை. நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது ஓய்வுநிலையில் இயல்பானது. ஒருவருக்கு 64, பக்கத்து இருக்கை நண்பருக்கு 84 என்றால், முன்னவர் வென்றார் என்று பொருளில்லை. ஒவ்வோர் உடலுக்கும் ஒவ்வொரு தாளம். ஆகையால், ஒருவர் தம் எண்ணைத் தம் முந்தைய எண்ணோடு ஒப்பிடுவதே பொருத்தமானது.

அந்த ஒப்பீட்டில் பொருள் இருக்கிறது. பயிற்சியின்போது தசைகளுக்கு அதிக ஆக்சிஜனும் சர்க்கரையும் தேவைப்படுகின்றன. உண்டாகும் கரியமிலவாயுவையும் அகற்ற வேண்டியிருக்கிறது. அதனால் இதயம் விரைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவரின் இதயம் காலப்போக்கில் வலுப்பெற்று, ஒரே துடிப்பில் முன்னைவிட அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. எனவே, அதே வேலையைக் குறைந்த துடிப்புகளில் முடித்துவிடுகிறது. நெடுந்தொலைவு ஓடும் வீரர்கள் சிலருக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 40 துடிப்பே இருப்பதற்கும் இதுதான் காரணம். பயிற்சி முடிந்த பிறகு துடிப்பு எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதும் உடலுறுதியைக் காட்டும் அடையாளம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அறிவுரையாகக் கேட்டால் அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிவிடும். சில மாதங்களுக்கு முன் எழுதிய அட்டவணையையும் இன்றைய அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கோ அறிவுரை தேவைப்படாது. மாற்றம் எதுவும் தெரியாவிட்டாலும், ஏன் தெரியவில்லை என்று அவர் யோசிப்பார்.

வீட்டில் செய்யும் சோதனையில் வீட்டாரும் சேர்ந்துகொள்வார்கள். பேத்தி தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுவதைப் பார்க்கும் பாட்டி, "என்னம்மா, வைத்தியர் மாதிரி நாடி பிடிக்கிறே? எனக்கும் பாரேன்" என்று கையை நீட்டுவார். "பாட்டி, கொஞ்சம் பேசாம இருங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று அவள் சொல்லும்போது, ஒரு முதிய கை இளைய விரல்களுக்குள் அரைநிமிடம் அமைதியாக இருக்கும். பெரியவர்களுக்கு ஓய்வுநிலைத் துடிப்பை மட்டும் எண்ணினால் போதும். அவர்களை நடைபோடச் சொல்லக் கூடாது. துடிப்பு விட்டுவிட்டோ ஒழுங்கில்லாமலோ வருவதுபோல் தோன்றினால், தாமே எதையும் முடிவு செய்யாமல் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் செய்வதே முறை.

அதன் பிறகு பாட்டி, "ஏன் பயிற்சி செய்ததும் வேகமாகத் துடிக்கிறது?" என்று கேட்டால், அவள் தமிழில் விளக்க வேண்டியிருக்கும். பள்ளியில் ஆங்கிலத்தில் படித்த அறிவியலை வீட்டில் தமிழில் சொல்லும்போதுதான், தனக்கு எது உண்மையில் விளங்கியிருக்கிறது, எது வெறும் மனப்பாடம் என்று அவளுக்கே தெரியவரும். தமிழுக்கு இது புதிய துறையும் இல்லை. சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கும் வழக்கம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வீட்டுச் சோதனை அதே மணிக்கட்டில் வேறொன்றைத் தேடுகிறது. இங்கே நோக்கம் எண்ணுவது மட்டுமே. ஒருவரின் மனத்தை அறிய முயல்வதையும் 'நாடி பிடித்துப் பார்ப்பது' என்றே தமிழர் சொல்கிறார்கள். தொட்டு, பொறுமையாக இருந்து, அறிந்துகொள்வது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கையால் எண்ணினால் பிழை வரும் என்பது உண்மை. அதற்காகத்தான் மூன்று முறை எண்ணிச் சராசரி காண்கிறோம். திறன்கடிகாரம் வைத்திருப்பவர், ஒரே நேரத்தில் விரலாலும் எண்ணி, திரையையும் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதலாம். இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்லது. தவறு எங்கே நேர்ந்தது என்று தேடுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கடிகாரம் இல்லாத மாணவரும் இதில் எதையும் இழக்கவில்லை. இந்தச் சோதனைக்கு வேண்டிய விலையுயர்ந்த கருவி எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. நிமிடத்துக்கு 72 முறை துடித்தால், அது ஒரே நாளில் 103,680 முறை துடித்துவிடுகிறது. அவற்றில் ஒரு முப்பது விநாடியையாவது கவனித்து எண்ணுவது, எண்ணியதை அப்படியே எழுதிவைப்பது ஆகிய இரண்டையும் மாணவர்கள் இன்று மாலையே தொடங்கலாம்.